சேலத்துல கடையில வேல பாக்குறவங்க கவனத்துக்கு: கேபின்ல கூப்ட்டு கையெழுத்து கேட்டா போட்றாதீங்க

45 வயசு தாண்டி ஒரே கடையில ரொம்ப வருசமா இருக்கறவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. நான் சேலத்துல ஒரு பெரிய ஜவுளிக்கடையில 1996ல சேர்ந்து 23 வருசம் பட்டு செக்சன்ல சேல்ஸ்மேனா இருந்தேன், கடை பேரு வேணாம். 2019 ஆடித் தள்ளுபடி முடியுற வரைக்கும் காலைல 9 மணியிலிருந்து ராத்திரி 10 வரைக்கும் நின்னேங்க, கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குக் கூட லீவு போடல. ஆவணி பொறந்து ரெண்டாவது நாள் கேபினுக்கு கூப்ட்டாங்க.

மேனேஜருக்கு 30 வயசு இருக்கும். "அண்ணே உக்காருங்க"ன்னாரு. (கடை ஆளுங்களுக்கு உக்கார சேர் குடுக்கணும்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்தது 2021ல, அதுக்கு முன்னாடியே என் முட்டி தேஞ்சுபோச்சு.) "உங்களால மாடி ஏறி பொட்டி எடுக்க முடியல, கஸ்டமருக்கு சின்னப் பசங்கதான் தோதா இருக்காங்க, சொந்தக் காரணத்தால நின்னுக்கறேன்னு கையெழுத்துப் போட்டீங்கன்னா மரியாதையா செட்டில் பண்ணிடலாம், இல்லன்னா ஸ்டாக் கொறையுதுன்னு எழுதற மாதிரி ஆயிடும்ணே"ன்னாரு. லெட்டர் முன்னாடியே டைப் அடிச்சு இருந்துச்சு, கையெழுத்து எடத்துல பென்சில்ல பெருக்கல் குறி. அதுக்கு அடியில அதே மாதிரி இன்னும் நாலு பேப்பர். திருட்டுப் பட்டம் கட்டிடுவாங்களோன்னு கை நடுங்க போட்டுட்டேன், 50,000 ரூவா செக் குடுத்தாங்க. அந்த வாரமே ஆறு பசங்கள வேலைக்கு எடுத்தாங்க.

லேபர் ஆபீஸ் போனப்பதான் நான் செஞ்ச தப்பு புரிஞ்சது. ஆள் குறைக்கணும்னா கடைசியா சேந்தவங்களத்தான் மொதல்ல நிறுத்தணும், ஒரு மாச நோட்டீஸ், வருசத்துக்கு 15 நாள் சம்பளம் நஷ்டஈடு, அதெல்லாம் தொழில் தகராறு சட்டத்துல இருந்துச்சு. ஆனா சமரசப் பேச்சுல அவங்க எடுத்து வெச்சது அந்த ஒரு லெட்டர்தான், "அவரா நின்னுக்கிட்டாரு"ன்னு. வேலை திரும்பக் கெடைக்கல.

கிராஜுவிட்டிய (ரொம்ப வருசம் வேல பாத்தவங்க நிக்கறப்ப முதலாளி குடுக்க வேண்டிய பணிக்கொடை) மட்டும் விடல. என் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேத்து 15,600, அத 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி 23 வருசம்னா 2,07,000 வரணும். "முழு செட்டில்மென்ட் வாங்கிட்டேன்னு எழுதிருக்கீங்க"ன்னாங்க, அப்படி எழுதிக் குடுத்திருந்தாலும் அப்ப இருந்த 1972 கிராஜுவிட்டி சட்டப்படி என் உரிமை போகல. 2008லதான் சேந்தேன்னும் சாதிச்சாங்க, பீரோவுல கெடந்த பழைய இ.எஸ்.ஐ. கார்டுல சேந்த தேதி இருந்ததால தப்பிச்சேன். பாக்கிய வட்டியோட வாங்கினேன்.

2025 நவம்பர்ல புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துடுச்சு, கேஸ் போடற கெடுவும் கொறஞ்சிருக்கு, அதனால நிறுத்தின ஒடனே லேபர் ஆபீஸ் போயிடுங்க. கேபின்ல கூப்ட்டா "வீட்ல கேட்டுட்டு வரேங்க"ன்னு சொல்லிட்டு வெளிய வந்துடுங்க, போட்டே ஆகணும்னு மெரட்டி வாங்கிட்டாங்கன்னா அன்னிக்கே ரிஜிஸ்டர் தபால்ல "என்னை மெரட்டி வாங்கின கையெழுத்து"ன்னு கடைக்கு எழுதிப் போட்டு ரசீத பத்திரமா வெச்சுக்கங்க. நேத்து அதே கடையில 21 வருசமா இருக்கற ஒரு அக்கா போன் பண்ணுச்சு, அவங்களையும் கூப்ட்டிருக்காங்களாம். இத சொல்லிட்டேன், கையெழுத்துப் போடாமதான் வீட்டுக்கு வந்திருக்கு.