மலையகத்தில் தெருப் படம் எடுக்கக் கற்றுத் தருகிறோம் என்பவர்களிடம் 48,000 ரூபாய் போன கதை

இலங்கையிலிருந்து கொண்டுவந்த துணிகூட இன்னும் துவைக்கவில்லை. வயிற்றெரிச்சல் தாங்காமல் எழுதுகிறேன். 48,000 ரூபாய், அதுவும் விமான டிக்கெட் சேர்க்காமல். ‘மலையகத்தில் ஸ்ட்ரீட் போட்டோகிராபி, ஐந்து நாள், ஆறு பேருக்கு மட்டும்’ என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்யும் ஒரு பயிற்சிப் பக்கம். தெருவிலும் சந்தையிலும் நடப்பதை நடக்கிறபடியே படமெடுப்பதுதான் ஸ்ட்ரீட் போட்டோகிராபி. பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டியிருப்பதால் பெயர் வேண்டாம்.

எதை வைத்து நம்பினேன் என்று சொல்லிவிடுகிறேன். பணம் கட்டும் முன்பே, “உங்க படம் ஒண்ணு அனுப்புங்க ப்ரோ” என்றார் பயிற்சியாளர். திருச்சி காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்கும்போது எடுத்த படத்தை அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு வந்தது. “லைட் பிரமாதம். ஆனா ஓரத்துல ஒரு கை பாதியில வெட்டுப்பட்டு நிக்குது பாருங்க. அதை மட்டும் கவனிக்க ஆரம்பிச்சீங்கன்னா வேற லெவல்.” படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில், சுமை தூக்கும் ஒருவரின் கை முழங்கையோடு நின்றிருந்தது. என் படத்தை இத்தனை உன்னிப்பாக ஒருவர் பார்த்திருக்கிறாரே என்று பூரித்துப்போனேன். அன்று இரவே ஜிபேயில் 48,000 போனது.

கண்டியில் வேன் ஏறினால் ஆறு பேர் இல்லை, பதினான்கு பேர். பயிற்சியாளரும் இல்லை. காய்ச்சலாம். அவருக்குப் பதிலாக ஒரு பையனை அனுப்பியிருந்தார்கள். ரம்பொடை ஏற்றத்தில் பேச்சுவாக்கில் கோயம்புத்தூர் அக்கா ஒருவர் தனக்கு வந்த குரல் பதிவைப் போட்டுக்காட்டினார். “ஓரத்துல ஒரு கை பாதியில வெட்டுப்பட்டு...” அதே குரல், அதே வாக்கியம். பின் சீட்டில் இன்னும் இரண்டு பேருக்கும் அதே கை! கூட்டத்தில் எடுத்த எந்தப் படத்தில்தான் ஓரத்தில் ஒரு கை வெட்டுப்படாது?

ஹட்டன் பஜார், பண்டாரவளைச் சந்தை, பதுளை என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. கூட்டிப்போனது கிரகரி ஏரி, தேயிலைத் தொழிற்சாலை, எல்ல ஒன்பது வளைவுப் பாலம். 1921-இல் கட்டி முடித்த பாலம், அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே தெரு எங்கே இருக்கிறது?

வழியில் வேனை நிறுத்தி, ரோட்டோரத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கூடையோடு நின்ற அம்மாக்களைக் காட்டி, “கேண்டிட் எடுங்க” என்றான் பையன். கேண்டிட் என்றால் போஸ் கொடுக்காமல் இயல்பாக இருக்கும்போது எடுப்பது. கூடைகளில் ஒரு இலைகூட இல்லை. பக்கத்தில் போனதும் ஒரு அம்மா சிரித்தார். “படத்துக்குத்தான் நிக்கிறோம் தம்பி. கொழுந்தெடுக்கிறதுன்னா இந்நேரம் மலைக்குப் போயிருப்போமே” என்றார். ஆளுக்கு 500 இலங்கை ரூபாய், அதுவும் எங்கள் பையிலிருந்து. அந்த அம்மாக்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பயணத்தில் உண்மை பேசியவர்கள் அவர்கள்தான்.

ஹட்டனில் நின்றது டீ குடிக்க மட்டும். ஞாயிற்றுக்கிழமை. தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க வந்த குடும்பங்களால் டவுன் நிறைந்து கிடந்தது. மூடுபனியில் குடையும் பையுமாக பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள், மிட்டாய்க் கடை வாசலில் ஒரு குழந்தை அடம்பிடிக்கிறது. இதற்குத்தானே வந்தோம், ஒரு மணி நேரமாவது கொடுங்கள் என்று கேட்டேன். “இங்க என்ன சார் இருக்கு, வெறும் பஸ் ஸ்டாண்டு” என்று பையன் டிரைவரை ஹாரன் அடிக்கச் சொன்னான்.

ஸோன் ஃபோகஸ் சொல்லித்தருவோம் என்பதும் விளம்பரத்தில் இருந்தது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 35 எம்எம் லென்ஸை எஃப் 8-இல் வைத்து, ஃபோகஸை மூன்று மீட்டரில் நிறுத்திவிட்டால், சுமார் இரண்டு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரை தெளிவாக விழும். கேமராவைத் தூக்கியதும் எடுக்கலாம். இதை அவனிடம் கேட்டதற்கு, “ஆட்டோல போடுங்க சார், அதுவே பாத்துக்கும்” என்றான். இரவு தோறும் படங்களை அலசுவோம் என்றார்கள். ஒரு இரவுகூட நடக்கவில்லை.

பாதிப் பணமாவது திருப்பிக் கேட்டபோது, “டிரிப் முடியட்டும் ப்ரோ”. முடிந்ததும், “அட்மின் பேசுவாங்க”. அட்மின் பேசினார்: “ரூம் குடுத்தோம், சாப்பாடு போட்டோம், வேற என்ன?” அப்புறம் நீல டிக் மட்டும். இப்போது அதுவும் இல்லை, பிளாக். 48,000 ரூபாய்க்கு அவர்கள் கொடுத்தது தேதியில்லாத ஒரு சர்டிபிகேட் பிடிஎஃப். அதிலும் என் பெயரில் எழுத்துப்பிழை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

போகிறவர்களுக்கு விளக்கமாக யோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. சுருக்கமாக: தனிநபர் ஜிபேக்குப் பணம் போடாதீர்கள். வெளிநாட்டுப் பேக்கேஜ் விற்பவர் டிசிஎஸ் (வாங்குபவரிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும், பில்லில் அது இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு வந்ததில் இல்லை. அங்கே வரும் வழிகாட்டி இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்தவரா என்று கேளுங்கள். பயிற்சியாளர் வராவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்த பேட்சுக்கு நேற்றே விளம்பரம் ஓட ஆரம்பித்துவிட்டது, “கடைசி இரண்டு இடம்” என்று. கட்டப்போகிறவர்கள் முதலில் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், அந்தக் குரல் பதிவை அனுப்பிவைக்கிறேன்.