பாகாயம் மனநல மையம்: தம்பியோடு தங்கிய அனுபவம்

குடியாத்தத்தில் எங்களுக்கு லுங்கித் தறி. மூன்று வருஷம் முன்பு, நாடா ஓடும் சத்தத்துக்குள் யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொல்லி தம்பி மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டான்.

ஆயா செய்வினை என்று சொல்லி மந்திரித்த கயிறு கட்டினாள். முதலில் பார்த்த டாக்டர், மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் ஜாஸ்தி என்று ஐந்தே நிமிஷத்தில் மாத்திரை எழுதி அனுப்பினார். பேச்சுக் குரல் குறைந்தது. ஆனால் கை நடுங்கி, அறுந்த இழையை முடிச்சுப் போட முடியவில்லை. அவனே மாத்திரையை நிறுத்திவிட்டான். அடுத்துப் பார்த்த மனநல ஆலோசகர் வளர்ப்புதான் காரணம் என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீடு வரும்வரை பஸ்ஸில் அழுதாள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. இப்படிக் குரல் கேட்கும் ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனநோய் தாயால்தான் வருகிறது என்ற கருத்து 1940, 50-களில் ஓங்கியிருந்து, ஆதாரம் இல்லாமல் எப்போதோ கைவிடப்பட்டது.

அப்புறம்தான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மனநல மையத்துக்குப் போனோம். அங்கே நோயாளியோடு வீட்டு ஆள் கட்டாயம் தங்க வேண்டும். நான் தங்கினேன். டாக்டர் ஆயாவிடமும், "உங்களுக்கு என்னன்னு தோணுதும்மா?" என்று கேட்டார். கயிறு இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும் என்றார். ஆயா அன்றிலிருந்து மாத்திரையைத் தானே எடுத்துக் கொடுக்கிறாள்.

உடல், மனம், சூழல் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 1977-லேயே அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல் எழுதிவிட்டார். அதில் எதற்கு எவ்வளவு பங்கு, எதை முதலில் கவனிப்பது என்று அவருடைய கோட்பாடு சொல்வதில்லை என்பது அதன் மேல் உள்ள குறை. இங்கே எங்களுக்கு அதைச் சொன்னார்கள். முதலில் மருந்தை மாற்றி, பழையபடி நடுக்கம் வராமல் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அப்பாவை உட்கார வைத்துப் பேசினார்கள். குறை சொல்லிக்கொண்டே இருக்கும் வீடுகளில் நோய் திரும்ப வருவது அதிகம் என்று பிரிட்டனில் ஜார்ஜ் பிரௌன் குழு 1972-ல் காட்டியிருக்கிறது. அதற்காக நோயை நீங்கள்தான் உண்டாக்கினீர்கள் என்று அர்த்தமில்லை என்றும் டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அம்மாவை முன்னாடியே கூட்டிப்போயிருக்க வேண்டும்.

போகிறவர்கள் பழைய மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். தங்கப்போகிறவர் வேலைக்கு நீண்ட லீவு சொல்லிவிடுங்கள், எனக்குக் கூலி போனது. தம்பிக்கு இப்போதும் சில நாள் குரல் கேட்கிறது. "அண்ணா, வந்துடுச்சு" என்பான். தறி நிற்பதில்லை.