ஜெர்மனியில் ஓட்டுநர் உரிமம்: ஊர் லைசென்ஸை மாற்றுவதா, முதலிலிருந்து படிப்பதா?

இந்தியாவிலோ இலங்கையிலோ எடுத்த ஓட்டுநர் உரிமத்துடன் ஜெர்மனியில் குடியேறும் ஒருவர், முதல் ஆறு மாதங்களுக்கு, உரிய மொழிபெயர்ப்பை உடன் வைத்துக்கொண்டு, அந்த உரிமத்திலேயே கார் ஓட்டலாம். அதன் பிறகும் ஓட்டினால், சட்டத்தின் பார்வையில் அவர் உரிமமே இல்லாமல் ஓட்டுபவர். அது அபராதச் சீட்டோடு முடிகிற விஷயமன்று. ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுள்ள குற்றம். இந்த ஆறு மாதக் கெடுவை உரிமத்தை மாற்றிக்கொள்வதற்கான கெடு என்று நம்மவர்கள் பலர் தவறாக எண்ணி, தேதி கடந்ததும் முழுப் பயிற்சிக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். கெடு ஓட்டுவதற்கு மட்டுமே. குடியேறுவதற்கு முன்பே பெற்ற, காலாவதியாகாத உரிமம் கையில் இருந்தால், ஈராண்டு கழித்தும் அதை மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம்.

சிங்கப்பூர், ஜப்பான், தென்கொரியா போன்ற நாடுகளின் கார் உரிமங்களைத் தேர்வே இல்லாமல் மாற்றித் தருவதற்கு ஜெர்மனி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இந்தியாவும் இலங்கையும் இல்லை. ஆகவே ‘ஊம்ஷ்ரைபுங்’ எனப்படும் மாற்றும் வழியில் போனாலும், முதலிலிருந்து படிக்கும் வழியில் போனாலும், எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் நமக்கு உண்டு. கண் பரிசோதனைச் சான்றும், ஒரு நாள் முழுக்க நடக்கும் முதலுதவிப் பயிற்சியும் இரண்டுக்கும் பொது. வேறுபாடு கட்டாயப் பயிற்சியில்தான் இருக்கிறது.

புதிதாக உரிமம் எடுப்பவர், தலா 90 நிமிடம் கொண்ட 14 வகுப்புகளில் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும். சாலையில், சாதாரணப் பயிற்சி போக, 12 சிறப்புப் பயிற்சிகளை முடித்தாக வேண்டும்: ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் ஐந்து, ஆட்டோபான் எனும் அதிவேக நெடுஞ்சாலையில் நான்கு, இருட்டில் மூன்று. ஒவ்வொன்றும் 45 நிமிடம். ஊர் உரிமத்தை மாற்றுபவருக்குச் சட்டப்படி இவற்றில் எதுவும் கட்டாயமில்லை. சாலைத் தேர்வுக்குப் பயிற்றுநரும் அவருடைய இரட்டை பெடல் காரும் தேவை என்பதால், ஏதாவது ஒரு பயிற்சிப் பள்ளியில் பெயர் கொடுத்தாக வேண்டும், அவ்வளவுதான். முழுப் பயிற்சியின் செலவு இன்று 3,000 யூரோவைத் தாண்டுவது சாதாரணமாகிவிட்டது. மாற்றும் வழியில், நன்றாக ஓட்டத் தெரிந்தவர், மொழிபெயர்ப்பு, கட்டணங்கள், பத்துப் பதினைந்து பயிற்சிகள் எல்லாம் சேர்த்து அதில் பாதிக்கும் குறைவான செலவில் முடித்துவிட முடியும்.

‘நன்றாக ஓட்டத் தெரிந்தவர்’ என்ற நிபந்தனையில்தான் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போட்டு உரிமம் வாங்கி, அதன்பின் ஸ்டியரிங்கையே தொடாதவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கும் மாற்றும் வழி திறந்தே இருக்கிறது, ஆனால் விலக்கு கிடைத்தது என்று பயிற்சியையும் விட்டுவிட்டால், மிச்சம் பிடித்த பணம் தோல்விகளில் போய்விடும். ஒவ்வொரு மறுதேர்வுக்கும் தேர்வுக் கட்டணம் தனி, தேர்வுக்கு அழைத்துப் போகப் பள்ளி வாங்கும் தொகை தனி, இடையில் எடுக்கும் கூடுதல் பயிற்சி தனி.

ஊரில் பத்து ஆண்டு ஓட்டியவருக்கும் இங்கே சிக்கல் உண்டு. அது வேறு வகையானது. தேர்வாளர் பின்னிருக்கையில் அமர்ந்து வழி சொல்லுவார், பயிற்றுநர் பக்கத்தில் இருப்பார். தேர்வு 55 நிமிடம். வண்டியைச் சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதும் வலக்கையால் கியர் மாற்றுவதும் சில நாட்களில் பழகிவிடும். கண்ணும் கழுத்தும்தான் எளிதில் பழகுவதில்லை. தடம் மாறும்போதும், வலப்பக்கம் திரும்பும்போதும், கண்ணாடியைப் பார்த்தது போதாது, தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்த்தாக வேண்டும். பக்கத்தில் சைக்கிள்காரர் நேராகப் போய்க்கொண்டிருப்பார், முன்னுரிமை அவருக்கு. 30 கிலோமீட்டர் வேகப் பகுதிகளில், பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். சந்து போலத் தெரிகிற தெருவிலிருந்து வந்தாலும் சரி. நம் ஊரில் பெரிய சாலைக்காரருக்கு வழிவிட்டுப் பழகியவர்கள் தடுமாறும் இடம் இது. பயிற்றுநர் ஒருமுறை பிரேக்கை மிதிக்க நேர்ந்தாலே பெரும்பாலும் தேர்வு அங்கேயே முடிந்தது. ஆட்டோபானில் பயந்து 80இல் ஊர்ந்தாலும் அது குறையாகவே எழுதப்படும்.

எழுத்துத் தேர்வு இரு வழிக்கும் ஒன்றுதான். 30 கேள்விகள், தவறுகளுக்கான புள்ளிகள் பத்தைத் தாண்டக் கூடாது, ஐந்து புள்ளிக் கேள்விகள் இரண்டு தவறினால் தோல்வி. ஆங்கிலத்தில் எழுதலாம், அரபி, துருக்கி உள்ளிட்ட வேறு மொழிகளும் உண்டு, தமிழ் இல்லை. பதினான்கு வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மனில் நடக்கும் என்பதால், மொழி வராதவருக்கு முழுப் பயிற்சியின் இந்தப் பகுதி அவ்வளவு பயன் தராது. செயலியில் கேள்வித் தொகுப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதே இரு சாராரும் நடைமுறையில் செய்வது. சாலைத் தேர்வில் மட்டும் தேர்வாளர் ஜெர்மனில்தான் பேசுவார், எனவே திசைச் சொற்களையாவது காதுக்குப் பழக்கிக்கொள்வது நல்லது.

அதிகம் பேசப்படாத ஒரு வித்தியாசமும் இருக்கிறது. புதிய உரிமத்துக்கு ஈராண்டு சோதனைக் காலம் உண்டு. அந்தக் காலத்தில் கடுமையான மீறல் ஒன்று பதிவானால் அது நான்காண்டாக நீளும், கட்டாய வகுப்புக்கும் போக வேண்டும், ஒரு துளி மதுவும் கூடாது. ஊர் உரிமத்தை மாற்றியவருக்கு, அந்த உரிமத்தைப் பெற்ற நாள் முதலே இக்காலம் கணக்கிடப்படுவதால், ஈராண்டுக்கு மேல் உரிமம் வைத்திருந்தவருக்குச் சோதனைக் காலமே இருக்காது. இதற்காகவே உரிமத்தின் முதல் வழங்கல் தேதி தெளிவாகத் தெரியும்படி ஆவணம் இருக்க வேண்டும். புதுப்பித்த அட்டையில் புதிய தேதி மட்டும் இருந்தால், அலுவலகத்தில் விளக்கம் கேட்பார்கள்.

மாற்றும் வழிக்கு விலையும் உண்டு. ஜெர்மானிய அட்டை கையில் வரும்போது ஊர் உரிமத்தை ஒப்படைத்துவிட வேண்டும். விடுமுறையில் மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய் வண்டி எடுக்க நினைப்பவர் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். அதோடு, ஊர் அட்டையில் மோட்டார் சைக்கிளும் சேர்ந்தே இருந்தாலும், கார் தேர்வில் தேறியதால் அது தானாக வந்துவிடாது. அதற்குத் தனித் தேர்வு.

தானியங்கி கியர் வண்டியில் தேர்வு கொடுத்தால் சுலபம், ஆனால் உரிமத்தில் 78 என்ற குறியீடு விழும், கியர் வண்டி ஓட்ட முடியாது. இதைத் தவிர்க்க, புதிதாகப் படிப்பவருக்கு 2021 முதல் ஒரு வசதி உண்டு: கியர் வண்டியில் குறைந்தது பத்துப் பயிற்சியும், பள்ளியே நடத்தும் ஒரு சிறு சோதனையும் முடித்தால், தானியங்கியில் தேர்வு எழுதினாலும் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

பெர்லின், மியூனிக் போன்ற நகரின் நடுவில் குடியிருந்து, பிள்ளைகள் இல்லாதவருக்கு, இரண்டையும் தள்ளிப்போடுவதும் ஒரு வழிதான். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற பொதுப் போக்குவரத்துச் சீட்டில் மாதம் முழுக்க நாடெங்கும் உள்ளூர் வண்டிகளில் போகலாம். ஒரு மணிக்கொரு பஸ் வரும் சிற்றூரில் வேலை கிடைத்தவருக்கு இந்த யோசனை உதவாது.

என் பரிந்துரை இது: ஊர் உரிமம் இருப்பவர், ஓட்டத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், மாற்றும் விண்ணப்பத்தையே போடட்டும். ஓட்டிப் பழகாதவர், சட்டம் கேட்காவிட்டாலும், ஆட்டோபான் பயிற்சியையும் இருட்டுப் பயிற்சியையும் தாமாகவே எடுத்துக்கொள்ளட்டும். எண்ணிக்கையைத் தேவைக்கேற்ப நிறுத்திக்கொள்ளும் உரிமையாவது கையில் இருக்கும். பள்ளியில் கையெழுத்திடும் முன் உரிம அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும், ஏனெனில் ஒப்புதல் வரச் சில வாரங்கள், சில ஊர்களில் மாதங்கள்கூட ஆகும். பள்ளிக்குப் போகும்போது, ‘ஊம்ஷ்ரைபுங்’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லி, அதற்கான விலையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லையேல் முழுப் பயிற்சியின் விலைப்பட்டியலைத்தான் நீட்டுவார்கள்.