மூன்று லட்சம் கிலோமீட்டர், கடற்காற்று, ஒரு பழைய சிட்டி விடெக்

2013-இல், ஐப்பசி மழைக்கு முன்னால், கொருக்குப்பேட்டையில் டிங்கரிங் பார்க்கும் அண்ணன் என் காரின் பின்சக்கர வளைவில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். பெயின்ட் கொப்புளம் மாதிரி உப்பியிருந்த இடம். முனை அப்படியே உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது பழுப்புத் தூள் பொலபொலவென்று தரையில் கொட்டியது. "இன்ஜினுக்கு இன்னா ஆயில், இன்னா பிளக்குன்னு மாசாமாசம் பாக்குறியே தம்பி, கீழ ஒருநாளாச்சும் குனிஞ்சு பாத்தியா?" என்று கேட்டார். நான் பார்த்ததில்லை. ஏழு வருஷம் பாசமாக வைத்திருந்த வண்டி, என் கண்ணெதிரே கடலோரத்து உப்பில் கரைந்துகொண்டிருந்திருக்கிறது. தகரம் வெட்டி, புதுசு வைத்து வெல்டிங் அடித்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து முடித்தபோது 38,000 ரூபாய் ஆனது. இந்தக் காரைப் பற்றி யார் கேட்டாலும் நான் இன்ஜினில் ஆரம்பிக்காமல் துருவில் ஆரம்பிப்பதற்கு இதுதான் காரணம்.

வண்டி 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். 2006-இல் 46,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது வாங்கினேன். இப்போது மீட்டரில் 3,14,000. ராயபுரத்தில் வீடு, பாரிமுனையில் அலுவலகம், சரக்கு வேலையாக வாரத்தில் மூன்று நாளாவது காட்டுப்பள்ளித் துறைமுகம். அதில் பாதி தூரம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் விரைவுச் சாலையில் ஓடியது, மீதி ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடியது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை நான் ஸ்போர்ட்ஸ் கார் என்றுதான் சொல்வேன். நாலு கதவு வைத்த குடும்ப வண்டியை அப்படிச் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். ஓட்டிப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். 1,493 சிசி, 106 குதிரைத்திறன், ஐந்து கியர், தரையோடு ஒட்டிய உடம்பு. இன்றைக்கு அந்த எண்கள் பெரிதாகத் தெரியாது. ஆனால் எடை குறைவு. ஹைட்ராலிக் ஸ்டியரிங் சாலையில் இருப்பதையெல்லாம் விரலுக்குச் சொல்லும். ஐயாயிரம் ஆர்பிஎம்மை நெருங்கும்போது இன்ஜின் சத்தமே மாறி, முதுகை சீட்டோடு சேர்த்து ஒரு தள்ளு தள்ளும். அதுதான் விடெக். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்டில் சின்ன மேடு, பெரிய மேடு என்று இரண்டு வகை. மெதுவாகப் போகும்போது வால்வைச் சின்ன மேடு திறக்கிறது. வேகம் ஏறியதும் ஆயில் அழுத்தம் ஒரு பின்னைத் தள்ளி, வால்வை அமுக்கும் ராக்கர் ஆர்ம்களை ஒன்றாகப் பூட்டிவிடும். அதற்குப் பிறகு பெரிய மேட்டின் ஆட்சி. வால்வு அதிகமாகத் திறக்கும், அதிக நேரம் திறந்திருக்கும்.

வேலையைச் செய்வது ஆயில் என்பதால் ஆயிலைக் கவனிக்காதவன் இந்த வண்டியை வைத்திருப்பதில் அர்த்தமில்லை. அளவு குறைந்தாலோ, கசடு சேர்ந்து, அந்த ஆயிலைத் திறந்துவிடும் விடெக் சாலினாய்டுக்குள் இருக்கும் சின்ன வலை அடைத்தாலோ, வண்டி ஓடும். அந்தத் தள்ளு மட்டும் வராது. 1,80,000 ஓடியிருந்தபோது எனக்கு இப்படி ஆனது. இன்ஜின் வயசாகிவிட்டது, பிரித்துக் கட்ட வேண்டும் என்று ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் மெக்கானிக் அண்ணன் சாலினாய்டைக் கழற்றி, வலையைப் பெட்ரோலில் கழுவி, புது கேஸ்கெட் வைத்து மாட்டினார். முக்கால் மணி நேர வேலை. அதற்குப் பிறகு 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுகிறேன். இரண்டு தடவைக்கு நடுவில் அரை லிட்டர் போல குடிக்கிறது. டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயில் அளவு பார்ப்பது ஞாயிறு காலை வழக்கமாகிவிட்டது. இன்ஜினை இன்னும் திறந்ததில்லை.

துருவுக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் வடசென்னையில் பழைய கார் வைத்திருப்பவனுக்கு அதுதான் தலையாய எதிரி. காசிமேட்டுப் பக்கம் காலையில் கண்ணாடியைத் துடைத்தால் துணி பிசுபிசுக்கும். அதே பிசுபிசுப்பு வண்டிக்கு அடியிலும் படிகிறது, அங்கே யாரும் துடைப்பதில்லை. முதலில் பின்சக்கர வளைவின் உள்மடிப்பு, பிறகு டிக்கித் தரை, பிறகு கதவின் அடிவிளிம்பு. கதவுக்கு அடியில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் உண்டு; மண் அடைத்தால் கதவு உள்ளிருந்து அழுகும். நான் ஒரு ஈர்க்குச்சி வைத்து அவற்றைக் குத்திவிடுகிறேன். பிரேக் பைப்புகளையும் அப்போதே பார்த்துவிடுவேன், அவையும் இரும்புதான்.

மாதம் ஒருமுறை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் கழுவச் சொல்வார்கள். சரிதான், ஆனால் எந்தத் தண்ணீரால் என்பதை யாரும் சொல்வதில்லை. மீஞ்சூர் வரைக்கும் கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறிவிட்ட ஊர் இது. நம் பக்கத்து வாட்டர் வாஷ் கடைகள் பலவற்றில் ஓடுவது போர் தண்ணீர். உப்பைக் கழுவப் போய் உப்பையே பீய்ச்சிக்கொண்டு வருவோம். நான் கடையில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை ஏற்றுவேன். இதற்காகவே மாதவரம் தாண்டிப் போகிறேன். கழுவிக் காய்ந்த பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அடியில் ஆன்டி ரஸ்ட் பூச்சு. ஈரம் காயாமல் பூசினால் துருவை உள்ளே வைத்து மூடியதாகிவிடும்.

ரேடியேட்டருக்கும் இதே கதைதான். வழியில் சூடேறியபோது ஒரு டீக்கடையில் குடம் தண்ணீர் வாங்கி ஊற்றினேன், ஆபத்துக்குப் பாவமில்லை என்று. அதை உடனே வடித்துவிடாமல் ஆறு மாதம் ஓட்டினேன். ரேடியேட்டரைப் பிரித்தபோது குழாய்களில் வெள்ளையாக உப்பு கட்டியிருந்தது. இப்போது டிக்கியில் டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்று எப்போதும் இருக்கும்.

ஏர் ஃபில்டர் பற்றி ஒரு வரி. 2011-இல் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நிற்கும்வரை, ராயபுரத்தில் நிறுத்தும் வண்டியின் ஃபில்டர் அடுப்புக்கரி மாதிரி வெளியே வரும். எங்கள் வீட்டு மாடித் துணியும் அப்படித்தான் இருந்தது. இன்றைக்கும் லாரிப் புழுதி குறையவில்லை, ஆகவே புத்தகம் சொல்லும் கணக்கில் பாதியிலேயே மாற்றுகிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தை எழுதாமல் இருக்க முடியாது. அன்றைக்கு வண்டி கொடுங்கையூரில் அக்கா வீட்டு வாசலில் நின்றது. நான் இடுப்பளவு தண்ணீரில் போய்ச் சேர்ந்தபோது சீட் மெத்தை வரை முழுகியிருந்தது. மறுநாள் தண்ணீர் வடிந்ததும் அக்கா பையன் சாவியோடு நின்றான். "மாமா, ஸ்டார்ட் ஆவுதான்னு பாக்கட்டுமா?" ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், தண்ணீரை அமுக்க முடியாமல் பிஸ்டன் நிற்கும், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முழுகிய வண்டியைக் கொன்றது பல சமயம் வெள்ளம் இல்லை, அந்தச் சாவிதான். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினோம். டோ செய்து கொண்டுபோய், நாலு பிளக்கையும் எடுத்துவிட்டுக் கையால் இன்ஜினைச் சுற்றினார் மெக்கானிக் அண்ணன். தண்ணீர் வரவில்லை. கியர் பாக்ஸ் ஆயிலை வடித்தபோது அது பால் டீ நிறத்தில் வந்தது. இரண்டு முறை புது ஆயில் ஊற்றி, ஓட்டி, வடித்து, மூன்றாவது முறைதான் சுத்தமாக வந்தது. பிரேக் ஆயில், கூலன்ட், வீல் பேரிங் கிரீஸ் எல்லாம் புதிது. சீட்டும் கார்ப்பெட்டும் ஒன்பது நாள் மொட்டை மாடியில் காய்ந்தன. இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியு நனையாதது எங்கள் அதிர்ஷ்டம். மொத்தம் 61,000 ரூபாய்.

2023-இல் மிக்ஜாம் புயல் வருகிறது என்று சொன்ன அன்று மதியமே வண்டியை மின்ட் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் வந்து படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. அதைப் போய்ப் பார்த்தபின் கார் நனைவதைப் பற்றிப் பேசவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

பிஸ்டனும் வால்வும் முறை தப்பாமல் இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டில் மட்டும் பேரம் வேண்டாம். இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். வாங்கிய அன்றே மாற்றினேன், பழைய பெல்ட்டின் வயது யாருக்கும் தெரியாததால். பிறகு 80,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து வருஷம், எது முதலில் வருகிறதோ அதன்படி. வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. இரண்டையும் சேர்த்து மாற்றினால் கூலி ஒன்று.

டேப்பெட் அட்ஜஸ்ட்மென்ட்டை, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்வதை, நானே கற்றுக்கொண்டேன். இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும், ஆகவே காலை ஆறு மணிக்கு மேல்மூடியைத் திறப்பேன். இடைவெளி அளக்கும் மெல்லிய ஃபீலர் தகட்டை ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே நுழைத்து இழுத்தால், ஈர விரலுக்கு இடையே காகிதம் இழுபடுவதுபோல ஒரு பிடிப்பு தெரிய வேண்டும். இறுக்கமாக இருந்தால் வால்வு முழுக்க மூடாமல் கருகும். தளர்வாக இருந்தால் தையல் மிஷின் சத்தம். பதினாறு வால்வு, ஒன்றரை மணி நேரம். நட்டை இறுக்கிய பிறகு திரும்ப ஒருமுறை தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும், இறுக்கும்போது ஸ்க்ரூ நகர்ந்துவிடும்.

சித்திரை வெயிலில் ஒருநாள் திருவொற்றியூரில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அரைமணி ஆறியதும் கிளம்பியது. சாவியை ஆனில் வைத்ததும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனகும். அந்த முனகல் வரவில்லை. பம்ப்புக்கு மின்சாரம் கொடுக்கும் மெயின் ரிலேவைத் திறந்தால் சாலிடரில் முடி போன்ற விரிசல். பதினாறு வருஷச் சூட்டில் எந்த சாலிடரும் அப்படித்தான் ஆகும். ரிச்சி தெருவில் வாங்கிய சாலிடரிங் அயர்னில் பத்து நிமிட வேலை.

பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் வந்த பிறகு நான் செய்த முதல் வேலை டேங்கிலிருந்து இன்ஜின் வரை ரப்பர் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றியது. 2002-இல் இந்தக் கலவையை நினைத்து யாரும் ரப்பர் செய்யவில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஆகவே டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. நகருக்குள் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி இப்போது ஒன்பதை ஒட்டித் தருகிறது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால் இதை வண்டியின் வயதுமேல் போட முடியாது.

உதிரி பாகங்களுக்கு இன்னும் அலைய வேண்டியதில்லை. ஓடித் தேயும் சாமான்கள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைக்கும். கண்ணாடிப் பிடி, கதவு கிளிப், டேஷ்போர்டு பட்டன் மாதிரிப் பழைய சாமான்களுக்குப் புதுப்பேட்டை. ஹெட்லைட் நல்ல நிலையில் கிடைத்தால் தேவையில்லாவிட்டாலும் வாங்கி வைத்துவிடுங்கள். புஷ், இன்ஜின் மவுன்ட் இரண்டிலும் மலிவைத் தேடினால் ஆறே மாதத்தில் திரும்ப அதே பள்ளத்தில் அதே சத்தம் கேட்கும். டயரில் பட்டன் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3219 என்றால் 2019-இன் 32-ஆவது வாரம். ஆறு வயதானதை நான் கழற்றிவிடுவேன்.

ஆர்சியை 2017-இலும் 2022-இலும் புதுப்பித்தேன். 2022 ஏப்ரலிலிருந்து கட்டணம் 600-இலிருந்து 5,000 ஆனது, அதற்கு மேல் பசுமை வரி. 2025 ஆகஸ்டில் இருபது வயதைத் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். கட்டத்தான் போகிறேன்.

எண்பதுகளில் அப்பா என்னை பஸ்ஸில் ஏற்றி சோழவரத்துக்குப் பந்தயம் பார்க்கக் கூட்டிப்போவார். உலகப்போர் காலத்து விமான ஓடுதளம், கொளுத்தும் வெயில், வைக்கோல் கட்டுகளுக்கு அந்தப் பக்கம் கார்கள். பிறகு பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்தபோது என் பையனோடு போய் உட்கார்ந்து பார்த்தேன், ஆனால் எனக்குப் பந்தயம் என்றால் சோழவரம்தான். ஞாயிறு விடியலில் செங்குன்றம் தாண்டி அந்த வழியாகத்தான் போகிறேன். சாலை காலியாக இருக்கும் இடத்தில், மூன்றாவது கியரில், ஊசி ஐயாயிரத்தைத் தொடும்போது அந்தத் தள்ளு இன்னும் வருகிறது. அப்பா 2019 வரை இடது சீட்டில் இருந்தார். அந்தச் சத்தம் மாறும்போது கையை டேஷ்போர்டில் வைப்பார்.

இப்போது இடது பின்சக்கரத்தில் அறுபதைத் தாண்டினால் ஒரு உறுமல் கேட்கிறது. பேரிங்தான். சாமான் வந்துவிட்டது, வியாழக்கிழமை கொருக்குப்பேட்டையில் விடுகிறேன். சக்கரத்தைக் கழற்றும்போது அந்த வளைவின் உள்மடிப்பையும் ஒருமுறை ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.