கோட்டுக்கு மேல் கிளியர் அடித்துத் தருகிறோம் என்றால் வண்டியைக் கொடுக்காதீர்கள்

சென்னையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் யாராவது பின்ஸ்ட்ரைப் (வண்டியின் மேல் இழுக்கிற மெல்லிய அலங்காரக் கோடு) போட வண்டியைக் கொடுக்கும் யோசனையில் இருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஷாப்பின் பெயர் இங்கே வராது. பெயர் தெரிந்தால் அந்த ஒரு வாசலைத்தான் தவிர்ப்பீர்கள். வேலை நடந்த விதம் தெரிந்தால் எந்த வாசலிலும் கண்டுபிடித்துவிடலாம்.

வண்டி 1952 எம்.ஜி. டி.டி. கரும்பச்சை, டூ-கே பெயின்ட் (இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிக்கிற வகை), பாடி வேலை ஏற்கெனவே நன்றாக முடிந்திருந்தது. ஆர்டர் இதுதான்: க்ரீம் நிறத்தில் இரட்டைக் கோடு, ஒன்று 3 மி.மீ., பக்கத்தில் 1.5 மி.மீ. பானெட்டின் பக்கத் தகட்டில் லூவர்களுக்கு (காற்று போகும் துளை வரிசைக்கு) மேலே தொடங்கி, கதவு வழியாகப் பின்பக்கம் வரை. மட்கார்டு ஓரத்தில் ஒற்றைக் கோடு. பேசிய தொகை 45,000 ரூபாய், பாதி முன்பணம். வெளிநாட்டு லெட்டரிங் எனாமல் (போர்டு எழுதுகிற பெயின்ட்), அணில் முடி பிரஷ், முழுக்கக் கைவேலை என்று வாக்கு.

வந்தது வேறு. பானெட்டின் நேர்ப் பகுதிகளில் ஒட்டியிருந்தது வினைல் டேப். மட்கார்டு ஓரத்தில் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவில் வீட்டுக் கதவு ஜன்னலுக்கு அடிக்கிற சிந்தெடிக் எனாமல். கதவு மூலையில் வளைவு வரும் இடங்களில் மட்டும் நிஜமாகவே பிரஷ் பட்டிருக்கிறது. காரணம் சுலபம்: அவ்வளவு சின்ன வளைவில் டேப் திரும்பாது, சுருக்கம் விழும். இந்த மூன்றுக்கும் மேலே இரண்டு கோட்டிங் டூ-கே கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு. "சார், மேல கிளியர் அடிச்சுட்டா லைஃப் லாங் அழியாது, வாட்டர் வாஷ்ல கூட ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி அதற்குத் தனியாகக் காசும் வாங்கினார்கள்.

அந்தக் கிளியரில்தான் சூது இருக்கிறது. கோடு மேலே திறந்து இருந்தால் நகத்தை ஓட்டினாலே டேப்பா பெயின்டா என்று தெரிந்துவிடும். டேப்பின் நுனி சதுரமாக வெட்டப்பட்டு நகத்தில் தட்டும்; பிரஷ் கோட்டின் நுனி மெலிந்து முடியும், ஓரம் மிருதுவாக இருக்கும். கிளியர் அடித்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோல வழவழப்பாகிவிடும். அதைவிடப் பெரிய கெடுதல், திரும்பிப் போக வழியில்லாமல் போவது. நன்றாகக் காய்ந்த டூ-கே மேல் எனாமலில் இழுத்த கோடு பிடிக்கவில்லை என்றால், ஈரமாக இருக்கும்போதே மினரல் டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம். அடியில் உள்ள பச்சைக்கு ஒன்றும் ஆகாது. கோடு போடுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நாலு தடவை துடைத்து இழுக்கிறார்கள். கிளியருக்கு அடியில் போன கோட்டைத் திருத்த வேண்டுமென்றால் அந்தப் பேனலையே மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும்.

முதலில் கெட்டது மட்கார்டு. கோட்டின் மேல் உலர்திராட்சை மாதிரி சுருங்கிப்போனது. எனாமல் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழாக மெதுவாக இறுகும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். அடியில் இன்னும் பச்சையாகவே இருக்கும். முழுதாக இறுக வாரக்கணக்காகும், ஈரப்பதம் கூடின நாட்களில் இன்னும் தாமதம். அந்த நிலையில் மேலே டூ-கே கிளியர் விழுந்தால், அதிலுள்ள வீரியமான கரைப்பான் மேல்தோலை ஊடுருவி ஊதவைக்கும். ஊதின தோல் பக்கவாட்டில் விரிய இடமில்லாமல் மடிந்துவிடும். இங்கே மறுநாளே கிளியர் அடித்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டபோது ஷாப்பில் சொன்ன பதில் கெட்டிக்காரத்தனமானது: "குதிரை வண்டி காலத்துலயே கோட்டுக்கு மேல வார்னிஷ் போட்டாங்களே?" போட்டார்கள், உண்மை. சென்னையில் 1840-ல் தொடங்கிய சிம்சன் கம்பெனி கோச்சு வண்டி கட்டிய காலத்து முறை அது. ஆனால் அங்கே கோடும் எண்ணெய்ப் பெயின்ட், மேலே போட்டதும் எண்ணெய் வார்னிஷ். ஒன்றை ஒன்று கரைக்காது. பாதி காய்ந்த எனாமல் மேல் யூரித்தேன் வகை டூ-கே கிளியர் என்பது வேறு ரசாயனம்.

நியாயமாகக் கிளியர் அடிக்கும் முறையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கென்றே யூரித்தேன் ஸ்ட்ரைப்பிங் பெயின்ட் கிடைக்கிறது. அல்லது லெட்டரிங் எனாமலிலேயே அதற்குரிய ஹார்ட்னர் கலந்து, தயாரிப்பாளர் சொல்லும் நேரத்துக்குள் கிளியர் போடுவார்கள். ஷோ காருக்கு அது சரி. ஆகவே, "கிளியர் அடிப்போம்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஹார்ட்னர் டின் எங்கே? டின்னைக் காட்ட முடியாதவர் கிளியர் அடிக்கக் கூடாது.

டேப் இருந்த இடத்தில் சேதம் மெதுவாக வந்தது, ஆனால் அதிகம். எஞ்சின் சூடும் வெயிலும் சேர்ந்து பானெட் கொதிக்கும்போது வினைல் ஒரு அளவில் விரியும், மேலே இருக்கும் கெட்டியான கிளியர் வேறு அளவில் விரியும். டேப் ஓரம் முழுக்க முடி மாதிரி விரிசல். அதில் தண்ணீர் இறங்கி வெள்ளை பூத்தது. அதற்கும் மேல், டேப்பின் நுனியை வண்டியின் மேலேயே வைத்து பிளேடால் வெட்டியிருக்கிறார்கள். பிளேடு கலர், பிரைமர் இரண்டையும் தாண்டித் தகடு வரை இறங்கியிருக்கிறது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு நுனியிலும் ஒரு கீறல். கடற்காற்று அடிக்கிற ஊரில் அது போதும். கீறலைச் சுற்றிக் கடுகு அளவில் கொப்புளம், உடைத்தால் பழுப்புத் தூள்.

கிளியருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று வண்டியைக் கெடுக்காமல் கண்டுபிடிக்க முடியும். பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் ஒன்று வேண்டும். பழைய கார் வாங்கி விற்பவர்கள் பலரிடம் இருக்கும். கோட்டின் மேல் ஒரு தடவை, இரண்டு செ.மீ. தள்ளி ஒரு தடவை அளவெடுங்கள். பக்கத்திலேயே எடுப்பது முக்கியம், ஏனென்றால் அடியில் தகட்டைச் சமப்படுத்தப் பூசிய பட்டி இருந்தால் அளவு இடத்துக்கு இடம் மாறும். பிரஷ் கோடு என்றால் வித்தியாசம் 25 முதல் 40 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை வரும். ஸ்ட்ரைப் டேப் 75 முதல் 125 மைக்ரான் வரை தடிமன் கொண்டது. இந்த வண்டியின் பானெட்டில் பக்கத்தில் 180, கோட்டில் 290. மீட்டரின் முனையைவிடக் கோடு குறுகல் என்பதால் ஒரே இடத்தில் நாலைந்து முறை எடுத்து, அதிகபட்ச அளவை வைத்துக்கொள்ளுங்கள். கிளியரை வாட்டர் பேப்பர் போட்டுச் சமமாகத் தேய்த்திருந்தால் மீட்டர் ஏமாறலாம். அப்போது இருட்டில் டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். டேப் என்றால் மேல்பகுதி தட்டையாக, இரண்டு ஓரமும் ஸ்கேல் வைத்த மாதிரி, கோடு முழுக்க அகலம் இம்மியும் மாறாமல் தெரியும். மாஸ்கிங் போட்டு அடித்ததில் இரண்டு ஓரத்திலும் வரப்பு கட்டியிருக்கும், சில இடத்தில் பெயின்ட் டேப்புக்கு அடியில் கசிந்து பல் பல்லாக இருக்கும். கையால் இழுத்ததில் நடு லேசாக மேடாக இருக்கும். அகலம் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் மாறும். இரண்டு இழுப்பு சேரும் இடம் உற்றுப்பார்த்தால் தெரியும்.

பில்லில் இன்னொரு கூத்து: ஒரு லிட்டர் பெயின்ட் என்று போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து இரட்டைக் கோடு சுமார் 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3 மி.மீ.யும் 1.5 மி.மீ.யும் சேர்ந்து 4.5 மி.மீ. அகலம், பரப்பு 0.036 சதுர மீட்டர். ஈரமாக 0.1 மி.மீ. தடிமனில் போட்டால் 3.6 மில்லிலிட்டர். பேலட்டில் வீணாவது, துடைத்துத் திரும்ப இழுப்பது, மட்கார்டுக் கோடு எல்லாம் சேர்த்துப் பத்து மடங்கு போட்டாலும் 36 மில்லி. ஒன் ஷாட் என்ற பிராண்டு மாதிரியான லெட்டரிங் எனாமலின் மிகச் சின்ன டின்னே 118 மில்லி. வீட்டு எனாமலில் கலர்த்தூள் குறைவு என்பதால் கரும்பச்சை மேல் க்ரீம் ஒரே இழுப்பில் மறைக்காது. இரண்டாவது தடவை போட வேண்டும், அப்போதுதான் மாஸ்கிங் தேவைப்படுகிறது. பெயின்டில் மிச்சம் பிடிக்கப்போய் முறையே மாறிவிடுகிறது.

எல்லாவற்றையும் ஏமாற்று என்று சண்டைக்குப் போகவும் வேண்டாம். ஒரே ஒரு டேப்பை வழிகாட்டியாக ஒட்டி, அதிலிருந்து சற்றுத் தள்ளி பிரஷ்ஷை ஓட்டுவது முறையான வேலை. மேக்னெட் பட்டை வைப்பதும் அப்படியே. சின்னச் சக்கரம் வைத்த பியூக்ளர் கருவியில் இழுப்பதும் பெயின்ட் கோடுதான், முன்கூட்டிச் சொல்லிவிட்டால். பிரஷ் கோட்டின் உயிரோட்டம் அதில் வராது என்பது என் அபிப்பிராயம்.

வண்டியைக் கொடுக்கும் முன் ஒரு பழைய கண்ணாடித் துண்டில் ஒரு மீட்டர் கோடு இழுத்துக் காட்டச் சொல்லுங்கள், அதன் பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சீராக இருக்கிறதா என்று பாருங்கள். கோட்டைவிட இடைவெளிதான் கையைக் காட்டிக்கொடுக்கும். பிரஷ்ஷையும் கேளுங்கள். வாள் வடிவ பிரஷ் வைத்திருப்பவர் அதைக் கழுவி, எண்ணெய் தடவி, முடியைத் தட்டையாக நீவிப் படுக்கவைத்திருப்பார். கீரி முடி பிரஷ் என்று யாராவது பெருமையாகக் காட்டினால் விலகிவிடுங்கள், அந்த வியாபாரமே இங்கே சட்டவிரோதம். புல்லட் டேங்கில் கோடு போட்டுப் பழகியவர் கிடைத்தால் நல்லதுதான். திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலை டேங்குகளில் கையால் கோடு போட்ட ஊர் இது, கைக்குப் பஞ்சமில்லை. ஆனால் டேங்கைத் திருப்பிவைத்துக்கொண்டு இழுக்கலாம், கார் என்றால் பக்கவாட்டில் ஆள்தான் நடந்துகொண்டே இழுக்க வேண்டும். கார் வேலை எதையாவது நேரில் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

நேரமும் பேசிவைக்க வேண்டியது. அக்கினி நட்சத்திர வெயிலில் தகடு சூடாக இருந்தால் பெயின்ட் பிரஷ்ஷிலேயே இறுகி இழுவை விழும். ஐப்பசி கார்த்திகை மழையில் காயாமல் மினுமினுப்பு மங்கும். தை முதல் பங்குனி வரை, காலை ஏழு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள், ஃபேன் இல்லாத மூடின ஷெட்டில் வேலை நடப்பது நல்லது. சிலிகான் பாலிஷ் போட்ட வண்டி என்றால் முதலில் வாக்ஸ் ரிமூவரால் இரண்டு முறை துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கோடு நடுவில் குழி குழியாக விலகும். கதவும் பானெட்டும் மூடின நிலையில் அளவு குறிக்க வேண்டும். முடிந்தபின் ஒரு மாதம் வாக்ஸ் வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் "நாங்களே சரிபண்ணித் தர்றோம்" என்பதற்கு இணங்க வேண்டாம். இந்த வண்டியில் அப்படித்தான் ஒரு மட்கார்டில் என்.சி. தின்னர் (வீரியமான கரைப்பான்) போட்டுத் துடைத்து, சுற்றிலும் கிளியரை மங்கடித்தார்கள். முதலில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள், மீட்டர் அளவுகளைக் குறியுங்கள், உரிந்த டேப் துண்டு ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு வேறு இடத்தில்: கிளியரைத் தேய்த்து, ஹாட் ஏர் கன்னால் இளக்கி டேப்பை எடுத்து, சுருங்கின எனாமலை உறுதியான அடுக்கு வரும்வரை தேய்த்து, பிளேடு கீறல்களைப் பளபளக்கும் தகடு வரை கொண்டுபோய் எபாக்ஸி பிரைமர், அதற்குமேல் டூ-கே பிரைமர், கலர், கிளியர். குறைந்தது ஒரு வாரம் காயவிட்டு அதன்பின் கோடு.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் பேசலாம். இந்த வண்டியின் பில்லில் "ஸ்ட்ரைப் வொர்க், கிளியர் கோட்" என்று மட்டும் இருக்கிறது, டேப் ஒட்டியதையும் அதற்குள் அடக்கிவிடலாம். உங்கள் ஒர்க் ஆர்டரில் இப்படி எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்: பிரஷ்ஷால் கையால் இழுத்த கோடு, பெயின்டின் பெயரும் வகையும், வினைல் டேப் கோட்டில் இருக்காது, வண்டியின் மேல் பிளேடு படாது, எழுத்தில் சம்மதம் வாங்காமல் கோட்டின் மேல் கிளியர் இல்லை.