எக்ஸ்1 கார்பனா, டி14-ஆ, எலைட்புக் 840-ஆ?

அலுவலகத்துக்கு மொத்தமாக லேப்டாப் எடுக்கும்போது கொட்டேஷனில் எல்லோர் கண்ணும் பிராசஸர் மேல்தான் போகும். நாலைந்து வருஷம் ஓட்டப்போகிறீர்கள் என்றால் முதலில் பார்க்க வேண்டியது ரேம். 2024-இல் வந்த மூன்று 14 அங்குல மாடல்களை எடுத்துக்கொள்வோம்: லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் 12-ஆம் தலைமுறை, திங்க்பேட் டி14 5-ஆம் தலைமுறை, எச்பியின் எலைட்புக் 840 ஜி11.

கார்பனில் ரேம் மதர்போர்டோடு சால்டர் செய்யப்பட்டது. 16 ஜிபி வாங்கினால் கடைசிவரை அதுதான். ரேம் பழுதானால் போர்டையே மாற்ற வேண்டும். மற்ற இரண்டிலும் இரண்டு ஸ்லாட் உண்டு, 64 ஜிபி வரை ஏற்றலாம். அதற்காக ஒரே 16 ஜிபி குச்சியோடு வருவதை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒற்றைச் சேனலில், அதாவது ரேமுக்குப் போகும் இரண்டு பாதையில் ஒன்று மட்டும் ஓடும்போது, உள் கிராபிக்ஸின் வேகம் நன்றாகவே குறையும். இரண்டு 4கே மானிட்டர் மாட்டும் மேசையில் அது தெரிந்துவிடும். 8 ஜிபியில் இரண்டு போட்டு வாங்குவது மேல்.

டி14-இல் ரேம் மாற்றும் முன் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பு, ஆன் செய்ததும் எஃப்1 அமுக்கினால் வரும்) போய் கான்ஃபிக், பவர் பகுதியில் உள் பேட்டரியை டிஸேபிள் செய்யுங்கள். மெஷின் தானாக அணையும். அடாப்டர் செருகியிருக்கக் கூடாது. அடிமூடியின் திருகுகள் மூடியிலேயே தங்கிவிடும், தொலையாது. புது ரேமோடு முதல் முறை ஆன் செய்தால் திரை சில நிமிஷம் கறுப்பாகவே இருக்கலாம். டிடிஆர்5 வகை ரேம் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. பயந்துபோய்ப் பவர் பட்டனை அமுக்க வேண்டாம்.

கொட்டேஷனில் ஓர் எழுத்துப் பொறி: டி14 வேறு, டி14எஸ் வேறு. 'எஸ்' இருந்தால் ரேம் சால்டர்தான். டி14-இன் 4-ஆம் தலைமுறையிலும் ரேமில் ஒரு பகுதியாவது போர்டோடு ஒட்டியே வந்தது, பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

லேன் கேபிள் நேராகச் செருகும் இடம் டி14-இல் மட்டும்தான். மற்ற இரண்டுக்கும் டாங்கிளோ (யுஎஸ்பியில் செருகும் சின்ன லேன் அடாப்டர்) டாக்கோ வேண்டும். ஒரே டாங்கிளைப் பத்து மெஷினுக்குச் சுற்றவிட்டால் நெட்வொர்க்கில் பத்தும் பெரும்பாலும் ஒரே மேக் முகவரியாக (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) தெரியும். ஐபி ஒதுக்கீடு, இமேஜ் (தயாராக வைத்த விண்டோஸ் நகல்) ஏற்றுவது எல்லாம் குழம்பும்.

எடையில் கார்பனை அடிக்க முடியாது: 1.09 கிலோவில் தொடங்குகிறது, பேட்டரி 57 வாட்-அவர். வாரத்தில் நாலு நாள் விமானத்தில் இருப்பவருக்கு அதை 32 ஜிபியோடு வாங்கிக் கொடுங்கள். டி14-இல் மலிவான கட்டமைப்பு 39.3 வாட்-அவர் பேட்டரியோடும் மங்கலான நிறத் திரையோடும் வரும், 52.5 என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்க்கக் கூடாத கணக்குப் பிரிவு, எச்ஆர் மேசைகளுக்கு மட்டும் பக்கவாட்டில் பார்த்தால் தெரியாத எலைட்புக்கின் ஷூர் வியூ திரை. எல்லோருக்கும் வேண்டாம், அது ஆனில் இருக்கும்போது பக்கவாட்டில் காட்டி இருவர் பேச முடியாது.

பயாஸ் அமைப்புகளைப் பூட்டும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டை ஐடி பிரிவு இரண்டு இடத்தில் எழுதி வைக்கட்டும். திங்க்பேடில் அது தொலைந்தால் லெனோவோ சொல்லும் வழி மதர்போர்டு மாற்றுவதுதான்.