ரூவியிலிருந்து நிஸ்வாவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை: வண்டியும் வழிகாட்டியும் எப்படி?

முப்பத்தொரு வருடம் பள்ளியில் புவியியல் நடத்தினேன். வகுப்பில் ஓமானுக்கு நான் ஒதுக்கியது மிஞ்சிப்போனால் பத்து நிமிடம்: பாலைவனம், பேரீச்சை, எண்ணெய். மகன் மஸ்கட்டில், ரூவியில் கணக்கராக இருக்கிறான். ஜனவரியில் நாங்கள் போயிருந்தபோது உள்நாட்டுப் பழைய ஊரான நிஸ்வாவுக்கு ஒரு நாள் வண்டி பேசினான். நான்கு பேருக்கு, ஓட்டுநரே வழிகாட்டி, 80 ரியால். அதன் மேல் 5 சதவீதம் வாட் வரி, 4 ரியால். அந்த வரியே அங்கு 2021 ஏப்ரலில்தான் வந்ததாம். ஒரு ரியால் 2.6 டாலர் என்பதால் இது சின்னத் தொகை இல்லை. கொடுத்த காசுக்குத் தகுமா என்றால், தகும். ஒரு குறை உண்டு, பிறகு சொல்கிறேன்.

ஓட்டுநராக வந்தவர் நிஸ்வாவுக்குப் பக்கத்து பஹ்லா ஊர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். கழுத்துப்பட்டை இல்லாத வெள்ளை திஷ்தாஷா என்கிற நீள அங்கி, கழுத்தோரம் தொங்கும் சிறு குஞ்சம், தலையில் கும்மா என்கிற பூவேலைத் தொப்பி. குஞ்சத்தை அத்தரில் தோய்த்துக்கொள்வது அவர்கள் வழக்கம், வண்டியே மணத்தது. இந்தி சரளமாகப் பேசினார். அவருடைய தாத்தா சந்தைக்குக் கொண்டுபோனது ரூபாய்தானாம். 1970 வரை ஓமானில் இந்தியா வெளியிட்ட வளைகுடா ரூபாய் புழங்கியது என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

ஃபன்ஜா தாண்டி சுமைல் கணவாய்க்குள் நுழைந்ததும், யாரும் கேட்காமலே வண்டியை ஓரம் கட்டினார். இரு பக்கமும் கரும்பழுப்புக் குன்றுகள், ஒரு புல் பூண்டு இல்லை. “நீங்கள் நிற்பது கடலுக்கு அடியில்” என்றார். ஓஃபியோலைட்! ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன், பெருங்கடலின் தரையும் அதற்கடியிலிருந்த கவசப் பாறையும் (மேன்டில்) அரேபிய நிலத்தின் மேல் ஏறி உட்கார்ந்த இடம். இதைக் கையால் தொட்டுப் பார்க்க உலகெங்குமிருந்து பாறையியலாளர்கள் வருகிறார்கள். கரும்பலகையில் சாக்பீஸால் எத்தனை முறை வரைந்திருப்பேன்! கரும்பச்சைக் கல் ஒன்றைக் கையில் எடுத்தபோது கண் கலங்கிவிட்டது. இந்தப் பாறையில் செம்பு உண்டு. சுமேரியர் எழுதிவைத்த ‘மாகன்’ என்ற செம்பு நாடு இந்தப் பகுதிதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நிஸ்வா ஆட்டுச் சந்தைக்கு ஏழு மணிக்கெல்லாம் சேர்ந்துவிட்டோம். வட்டமான மேடையைச் சுற்றி விற்பவர்கள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு விலை கூவியபடி நடக்கிறார்கள். வாங்குபவர்கள் உட்கார்ந்தபடியே கை காட்டி நிறுத்தி, பல்லைப் பார்த்து, மடியைத் தடவிப் பார்க்கிறார்கள். முகத்திரை அணிந்த பதூ என்கிற பாலைவன நாடோடி இனப் பெண்கள் ஆண்களுக்குச் சமமாகப் பேரம் பேசியது என் மருமகளுக்கு மிகவும் பிடித்தது. பக்கத்தில் அல்வாக் கடை. மாவு, நெய், சர்க்கரை, குங்குமப்பூ, ஏலக்காய், பன்னீர் எல்லாம் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டியது. ஏலக்காய் மணக்கும் கஹ்வா காப்பியைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும், வாயால் சொல்லத் தேவையில்லை.

நிஸ்வாக் கோட்டை 17ஆம் நூற்றாண்டில் இமாம் சுல்தான் பின் சைஃப் கட்டியது. பெரிய வட்டக் கோபுரம். படிக்கட்டுக் கதவுகளுக்கு மேலே, எதிரிகள் மீது கொதிக்கும் பேரீச்சைப் பாகு ஊற்ற துளைகள். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலே ஏற வேண்டாம். என் கணவர் கீழேயே இருந்தார்.

நான் இந்தப் பயணத்தை எல்லோருக்கும் சொல்வது ஃபலஜ் தாரிஸ் என்கிற பழைய நீர்க்கால்வாய்க்காகத்தான். மலையடி நீரை, மோட்டார் ஏதும் இல்லாமல், சரிவை மட்டும் நம்பிக் கால்வாயில் கொண்டுவருகிறார்கள். ஓமானில் இப்படி ஏறத்தாழ 3,000 ஃபலஜ்கள் இன்றும் ஓடுகின்றன; தாரிஸ் உட்பட ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஃபலஜ் என்றால் பங்கிடுவது என்று பொருள். முதலில் குடிக்க, அடுத்து பள்ளிவாசலுக்கும் குளிக்கவும், அதன் பிறகே பேரீச்சைத் தோப்புக்கு. தோப்புக்காரர்களுக்கு முறைத் தண்ணீர். ஓர் ‘அதர்’ என்பது அரை மணி நேர நீர். பகலில் குச்சியின் நிழலைப் பார்த்தும், இரவில் நட்சத்திரம் எழுவதைப் பார்த்தும் மடை மாற்றினார்கள். எங்கள் வழிகாட்டியின் அப்பா அப்படி நட்சத்திரம் பார்த்தவராம். வாய்க்கால் ஓரம் குந்தி, சுட்டுவிரலால் மணலில் பங்கு பிரித்துக் காட்டினார். இதை எந்தப் பலகையிலும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

திரும்பும் வழியில் எண்ணெய் பற்றிக் கேட்டேன். ஏற்றுமதி தொடங்கியது 1967இல். 1970இல் சுல்தான் கபூஸ் ஆட்சிக்கு வந்தபோது நாடு முழுவதற்கும் மூன்று பள்ளிகளும் பத்து கிலோமீட்டர் தார்ச்சாலையும்தான். மூன்றே பள்ளிகள்! வழிகாட்டி தன் வீட்டில் முதலில் எழுதப் படித்த தலைமுறை. அவர் மகள் இன்று பொறியியல் படிக்கிறாள். எண்ணெய் தீரும் என்பதை அவர்கள் மறக்கவில்லை. அரசின் ‘விஷன் 2040’ வளர்ச்சித் திட்டத்தில் சுற்றுலாவுக்குப் பெரிய இடம் தந்திருக்கிறார்கள். ஓமானியர் ஒருவரே எங்களுக்கு நாட்டைக் காட்டியதை நான் அதோடு சேர்த்தே பார்க்கிறேன்.

இனி குறை. சாப்பாட்டுக்குப் பின் நிரலில் இல்லாத ஒரு வெள்ளிக் கடைக்குக் கூட்டிப்போய் நாற்பது நிமிடம் நிறுத்தினார்கள். பழையது என்று சொல்லிக் காட்டிய கஞ்சர் கத்திகளின் விலை கேட்டே திரும்பினோம். வண்டி நிறுவனத்தின் ஏற்பாடு அது, வழிகாட்டிக்கே முகம் வாடியது. அதனால் ஃபலஜில் எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம்தான். பிர்கத் அல் மௌஸ் என்ற ஊரின் மண் வீடுகளையும் வாழைத் தோப்புகளையும் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தோம்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். முன்பணம் கட்டும்போதே “கடைக்கு வர மாட்டோம், அந்த நேரத்தை ஃபலஜுக்குக் கொடுங்கள்” என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிஸ்வாப் பக்கத்து ஊர்க்காரர்தான் வேண்டும் என்றும் கேளுங்கள். சந்தை ஒன்பது மணிக்குள் கலைந்துவிடும், ஆகவே ரூவியிலிருந்து ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும்.